செல்விக்கு, மும்பை அந்தேரியிலிருந்து

செல்வி,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன்டி, பையனுக்கு அந்தமான் போர்ட் பிளேர்ல (இப்போ பேர மாத்தி ஸ்ரீ விஜயபுரம்) போஸ்டிங்னு சந்தோஷமா ஆரம்பிச்சு, எரிமலை வீடியோ பாத்தேன்னு அழாத குறையா முடிச்சிருக்க. அது பாரன் தீவு. போர்ட் பிளேர்ல இருந்து கடல்ல 140 கிலோமீட்டர் கிட்ட தள்ளி இருக்கு, மனுஷங்களே கிடையாது, ஆடுங்கதான் திரியுது.

2025 செப்டம்பர்ல பொகஞ்சது நெஜம்தான், ஆனா அதுக்கு இது புதுசா என்ன? 1787லயே வெடிச்சதா பதிவு இருக்கு, 1789ல ஆர்ச்சிபால்ட் பிளேர், அதான் அந்த ஊருக்கே பேர் குடுத்தவர், அது கல்லு கல்லா தூக்கி எறிஞ்சத எழுதி வச்சிருக்காரு. அதுக்கப்புறமும் சில தடவ வெடிச்சுட்டு, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல கப்சிப். 1991ல திரும்ப முழிச்சுது, அதுலேருந்து விட்டு விட்டு நடக்குது. 2017 ஜனவரில கோவா கடலாய்வு நிறுவனத்து ஆளுங்க பக்கத்துல கடலடி மண்ணு எடுத்துட்டு இருந்தப்போ திடீர்னு கக்க ஆரம்பிச்சிருக்கு, பகல்ல வெறும் சாம்பல் பொகைதான், பொழுது சாஞ்சப்புறம் பாத்தா உச்சிலேருந்து செக்கச்செவேல்னு குழம்பு பீச்சி அடிச்சு சரிவுல வழியுதாம். நமக்கெல்லாம் எங்க கெடைக்கும் அந்த காட்சி!

எரிமலைன்னு பாத்தா நான் ஒக்காந்திருக்கறதும் அதுமேலதான். எங்க அந்தேரி கில்பர்ட் ஹில் 6.6 கோடி வருஷத்துக்கு முந்தின எரிமலைக் குழம்பு இறுகி நின்ன கருங்கல், 200 அடி, உச்சில கோயில். சுத்தி பில்டிங்கா கட்டி மறைச்சு வச்சிருக்கானுங்க, அது வேற எரிச்சல்.

நீ பயந்தே ஆகணும்னா நிலநடுக்கத்துக்கு பயப்படு. பூமியோட மேலோடு பெரிய பெரிய பாறைத் தட்டுங்களா இருக்கு, அதுல இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில சொருகிட்டே போகுது, அதனாலதான் அங்க எரிமலையே இருக்கு, 2004 சுனாமிய கெளப்புன நடுக்கமும் அதே சொருகல்லதான் வந்துச்சு. அதனால பையன்கிட்ட சொல்லி வை, தரை ரொம்ப நேரம் ஆடுச்சுன்னா சைரனுக்கெல்லாம் காத்திருக்காம மேட்டுப்பக்கம் ஓடணும். வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே கடலுக்கு எவ்ளோ பக்கம், எவ்ளோ ஒசரம்னு பாக்கச் சொல்லு, வாடகை கூட ஆனாலும் பரவால்ல.

சுதா