கத்தாழைக்கு தினம் தண்ணி ஊத்தாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நாங்க கும்பகோணம் பக்கம். முந்தின வருஷ ஐப்பசி அடைமழையில திண்ணை ஓரமா இருந்த சோத்துக்கத்தாழை ரெண்டு தொட்டியும் போயிடுச்சு, மழை ஒரு பக்கம் பெய்யுது, நானும் துளசிக்கு ஊத்துற கையோட அதுக்கும் ஒரு சொம்பு ஊத்திக்கிட்டே இருந்திருக்கேன், ஒருநாள் மடல புடிச்சு லேசா இழுத்தா வேரே இல்லாம கையோட வந்துடுச்சு, அடியெல்லாம் கொழகொழன்னு, ஒரே நாத்தம். மனசே கேக்கல.

போட்டிருந்தது வயல் களிமண்ணு. தண்ணிய புடிச்சு வெக்கிற மண்ணு, நெல்லுக்கு சரி, கத்தாழைக்கு அதுதான் எமன். வாசல்ல திருஷ்டிக்கு தலைகீழா கட்டுறோமே, அது மண்ணும் தண்ணியும் இல்லாம மாசக்கணக்குல பச்சையா தொங்குதுன்னா மடலுக்குள்ள அவ்வளவு தண்ணி சேத்து வெச்சிருக்கு!

இப்ப அத்தை குடுத்த பக்கக்கன்ன ஓட்டை போட்ட மண்தொட்டில, பாதிக்கு பாதி மணல் கலந்து வெச்சிருக்கேன். விரல 2 இஞ்ச் உள்ள விட்டு ஈரம் ஒட்டலைன்னாதான் ஊத்துறது, சித்திரை வெயில்ல 10 நாளைக்கு ஒருதடவ, மார்கழில மாசத்துக்கு ஒண்ணு, ஊத்துனா அடியில வடியுற வரைக்கும் ஊத்தி தட்டுல நிக்கிறத கொட்டிடுவேன். மடல் மெலிஞ்சு உள்பக்கமா சுருண்டா தாகம், மஞ்சளாகி மெத்துனு ஆனா தண்ணி ஜாஸ்தி.

நர்சரில செடி விக்கிறவங்க இத வாங்குறவங்ககிட்ட சொல்லி அனுப்பணும், ஐப்பசிக்கு முன்னாடி நம்ம பேப்பர்லயும் ரெண்டு வரி போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்