செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, தட்டைத் தொட்டியில் மரங்களைச் சிறிதாக வளர்க்கும் நம் போன்சாய் சங்கம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறுகளில் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் நடக்கவில்லை. மே 11 அன்று உலக போன்சாய் தினம் கொண்டாடினோம். ஜப்பானில் ஓமியாவைச் சேர்ந்த சபுரோ கட்டோவைப் போற்றும் வகையில் மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை கொண்டாடப்படும் நாள் அது. நமக்கு அக்னி நட்சத்திரத்தில் வந்துவிடுவதால், காட்சிக்கு வைத்த மரங்களைப் பத்து மணிக்கெல்லாம் நிழலுக்கு மாற்றினோம். கிளைகளை வளைத்து வடிவம் கொடுக்கக் கம்பி கட்டும் பயிற்சி ஒன்று நடந்தது. ஜனவரியில் சென்னை செம்மொழிப் பூங்கா மலர்க் கண்காட்சிக்குக் குழுவாகப் போய் வந்தோம்.

அடுத்து, மண் திட்டம். செங்கல் ஜல்லியைச் சலித்து, போன்சாய்க்கு ஏற்ற மண் கலவை செய்து, உறுப்பினர்களுக்குப் பைகளில் விலைக்குக் கொடுத்த திட்டம் இது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ‘செயலாளர் சங்கப் பணத்தைச் செங்கல்லில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்’ என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. அதற்குப் பதில் சொல்லும் இடம் இந்தப் பொதுக்குழுதான்.

ஒவ்வோர் ஆண்டும் புதியவர்கள் ஆசையாகச் சேருகிறார்கள். முதல் மரம் ஒரு வருடத்துக்குள் பட்டுப்போகிறது. ‘நமக்குக் கைராசி இல்லை’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். மறு ஆண்டு சந்தா வருவதில்லை. அவர்கள் கொண்டுவந்து காட்டிய செடிகளைப் பிரித்துப் பார்த்தால் கதை ஒன்றேதான். லாரியில் வரும்போது வேர்க்கட்டு உடையாமல் இருக்க நர்சரியில் பிசுபிசுப்பான மண்ணில் அழுத்தி வைத்திருப்பார்கள். அந்த மண்ணோடு அப்படியே இரண்டு அங்குல ஆழ ட்ரேயில் இறக்கி, தினமும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்.

புதியவர்களுக்கான வகுப்பில் ஒரு ஸ்பாஞ்சை வைத்து இதைக் காட்டினேன். நன்றாக நனைத்த நீள ஸ்பாஞ்சைப் படுக்கை வசத்தில் பிடித்தால் கொஞ்ச நேரம் சொட்டி நின்றுவிடும். அதையே நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்தால் மறுபடி தண்ணீர் ஒழுகும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் மாறியது. தொட்டியிலும் இதுதான் நடக்கிறது. அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் உயரத்தை மண் துகளின் பருமன்தான் தீர்மானிக்கிறது. தொட்டி ஆழமா, தட்டையா என்பதால் அது மாறாது. ஒரு அடி ஆழத் தொட்டியில் கீழே இரண்டு அங்குலம் ஈரம் நின்றாலும் மேலே வேர் மூச்சுவிட இடம் இருக்கிறது. அதே மண் ட்ரேயில் இருந்தால் மொத்த வேரும் சேற்றில் கிடக்கும். அடியில் கூழாங்கல் பரப்பினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈரம் நிற்கும் மட்டம் கல்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வரும், அவ்வளவுதான்.

ஆகவே துகள் பெரிதாக, தூசி இல்லாமல் இருக்க வேண்டும். ஜப்பானில் இதற்கு அகடாமா என்ற எரிமலை மண் உருண்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே இறக்குமதியாகி வரும் விலை, முதல் மரம் வைப்பவருக்குக் கட்டுப்படியாகாது. நம் ஊரில் கையருகே கிடைப்பது செங்கல் ஜல்லி. நன்றாக வெந்த கல்லாக இருக்க வேண்டும். கைப்பிடித் துண்டுகளை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் விரலால் நசுக்கிப் பாருங்கள். குழைந்தால் அது ஆகாது. வெந்த ஜல்லியை உடைத்து 6 மி.மீ. சல்லடையில் ஒரு முறை, 2 மி.மீ. சல்லடையில் ஒரு முறை சலித்து, நடுவில் நிற்பதை மட்டும் கழுவி எடுக்கிறோம். கீழே விழும் தூளைக் கலவையில் சேர்ப்பதில்லை. அந்தத் தூள்தான் இடைவெளிகளை அடைத்து மரத்தைக் கொல்கிறது.

இச்சி, ஆல், அரசு, கொடுக்காப்புளி, காகிதப்பூ, குரங்குவெற்றிலை ஆகியவற்றுக்குப் பாதி ஜல்லி, கால் பங்கு பருமணல், கால் பங்கு நன்கு மக்கிய உரம் என்று கலந்து கொடுத்தோம். அடேனியம், ஜேட் வைத்திருப்பவர்களுக்கு உரத்தை வெகுவாகக் குறைத்தோம். கருங்கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் போதாதா என்று கேட்டார்கள். அதில் கல்தூசு அதிகம். சலித்துக் கழுவாமல் போட்டால் இறுகிவிடும். கடல் மணல் உப்பு, பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள்.

நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழைக்குப் பிறகு தாம்பரம், சேலையூர் பக்கம் உள்ள உறுப்பினர்களின் மாடிகளைப் போய்ப் பார்த்தேன். நம் கலவையில் இருந்த இச்சிகள் இலைகூட உதிர்க்கவில்லை. நர்சரி மண்ணிலேயே விட்டிருந்த சில மரங்களின் வேரைப் பிடித்து இழுத்தால் தோல் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. பழைய மண்ணிலும் தப்பித்த மரங்கள் உண்டு. தொட்டியின் ஒரு பக்கத்துக்கு அண்டைக்கல் கொடுத்துச் சாய்த்து வைத்த வீடுகளில்தான் அதைப் பார்த்தேன். அடைமழைக் காலத்தில் இதை எல்லோருமே செய்யலாம். செங்கல்லில் போட்ட பணம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் அந்த மாடிகளை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

இந்தக் கலவை சீக்கிரம் காய்கிறது என்ற குறையும் வந்தது. உண்மைதான். கோடையில் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். மேலே பார்த்து முடிவு செய்யாமல், ஓர் ஈர்க்குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் பொறுக்கலாம். காய்ந்து வந்தால் அடித்துளை வழியாக ஓடும் வரை ஊற்றுங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது போர் தண்ணீரின் உப்பு. அதைத் தவிர்க்கப் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் நல்லது. மண் மாற்றும்போது வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் நிழல், ஒரு மாதத்துக்குப் புண்ணாக்குத் தண்ணீர்கூட வேண்டாம். வரவேற்பறையில் வைக்காதீர்கள், இவை வெயிலில் வாழும் மரங்கள். படத்தில் பார்த்த ஆசைக்கு ஜூனிபர் என்ற குளிர்நாட்டு மரத்தை வாங்குவதையும் விடுங்கள். அதற்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். அது நம் ஊரில் கிடைக்காது. செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்பதால் எப்போது போனது என்றுகூடத் தெரியாது.

இனி மனவருத்தத்தோடு சில வார்த்தைகள். ஜல்லி சலிக்கும் நாட்களில் வந்தவர்கள் எப்போதும் அதே முகங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் உயர்த்தியவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தால் ஒரே காலையில் வேலை முடிந்திருக்கும். மண் கலவைப் பையை முன்பதிவு செய்து, வாங்கிப்போய், இன்னும் பணம் தராதவர்கள் இருக்கிறார்கள். பெயர் சொல்ல எனக்கு மனமில்லை. 2 மி.மீ. சல்லடையைக் கடனாகக் கொண்டுபோன உறுப்பினர் அதைத் திருப்பித் தந்தால் உதவியாக இருக்கும். ஆண்டுச் சந்தா ஏறக்குறையப் பாதிப் பேரிடமிருந்து வரவில்லை. கூட்டங்களுக்கே வராதவர்களிடம் கேட்பதற்கும் வழியில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், சந்தா வரவு குறைந்தது, அரங்க வாடகை கூடியது, மண் திட்டத்தில் போட்டது பெரும்பாலும் திரும்பிவிட்டது. நிலுவை வந்து சேர்ந்தால் கையிருப்பு சென்ற ஆண்டைவிட மோசமாக இருக்காது.

தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், கணக்கைச் சரிபார்த்தவர், கூட்ட நாட்களில் தேநீர் பொறுப்பேற்ற குடும்பத்தார் அனைவருக்கும் நன்றி. மண் மூட்டைகளை அடுக்கத் தன் கார் நிறுத்துமிடத்தையே கொடுத்த உறுப்பினருக்குத் தனி நன்றி. அவர் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார். ஜூலைக்குள் மூட்டைகளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். மழை நனைக்காத பத்துக்குப் பத்து இடம் போதும்.

வரும் ஆண்டும் நானே இந்தப் பொறுப்பில் தொடர வேண்டும் என்று செயற்குழு கேட்டிருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு காலை தவறாமல் ஜல்லி சலிக்க வர நான்கு பேர் இன்று பெயர் கொடுத்தால் சந்தோஷமாகத் தொடருகிறேன். பதிவு நோட்டு பொருளாளரின் மேசையில் இருக்கிறது. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது. அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்