கொலாஜன் கதையை முழுசாகச் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் வார இணைப்பில் கொலாஜன் பொடி, கொலாஜன் கிரீம் என்று அடிக்கடி வருகிறது. அந்தப் புரதம் எப்படி இருக்கும் என்பதற்கு வழி காட்டியது சென்னைப் பல்கலைக்கழகம் என்பதையும் ஒரு முறை எழுதுங்கள். எழுதும்போது பாதியில் நிறுத்திவிடாமல் முழுசாக எழுதுங்கள், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

செல்களுக்கு வெளியே இருந்துகொண்டு தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது கொலாஜன். நம் உடம்பில் உள்ள புரதத்தில் சுமார் 30 சதவீதம் இதுதான். 1952-இல் இயற்பியல் துறைத் தலைவராகச் சென்னை வந்த ஜி. என். ராமச்சந்திரனிடம், இதன் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொன்னவர் இங்கே வந்திருந்த ஆங்கில விஞ்ஞானி ஜே. டி. பெர்னால். அப்புறம் அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது, அதை எக்ஸ்-கதிரில் படம் எடுத்து, ராமச்சந்திரனும் அவரோடு வேலை செய்த கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் 'நேச்சர்' இதழில் புரதத்தின் சிறு அலகுகளான அமினோ அமிலங்கள் கோத்த மூன்று சங்கிலிகளால் ஆனது கொலாஜன் என்ற மாதிரியை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்றார்கள். கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கம் முறுக்கு, மூன்றும் சேர்ந்தால் வலப்பக்கம் முறுக்கு. மூன்றும் நெருங்கும் நடு இடத்தில் இடமே கிடையாது, அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் இருப்பதிலேயே சிறிய அமினோ அமிலமான கிளைசின்தான் உட்கார முடியும். அந்த ஒரு கிளைசின் மாறிப்போனால் சில குழந்தைகளுக்குத் தொட்டாலே எலும்பு முறிகிற நோய் வருகிறது என்றால் அந்த இடம் எவ்வளவு முக்கியம் பாருங்கள்.

நம் ஊர்க் கட்டுரைகள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன, இல்லையென்றால் வெளிநாட்டுக்காரர்கள் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று முடிகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1955-இல் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் என்ற வெளிநாட்டு விஞ்ஞானிகள் இருவரும், சென்னை மாதிரியில் சில அணுக்கள் மிக நெருக்கமாக இருக்கின்றன, சங்கிலிகளை ஒன்றோடொன்று பிடித்து வைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு, அந்த மாதிரி சொன்னபடி மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு வராது, ஒன்றுதான் வரும் என்றார்கள். 1994-இல் கொலாஜன் போன்ற சிறு பெப்டைடின் (குட்டி அமினோ அமிலச் சங்கிலியின்) படிகத்தைத் துல்லியமாகப் பார்த்தபோது நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்று தெரிந்தது. முறுக்கிய மூன்று சங்கிலி என்ற சென்னையின் அடிப்படை மட்டும் அப்படியே நின்றது. ராமச்சந்திரன் அந்த விமர்சனத்தோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்துவிடவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று ஏற்கெனவே தெரிந்த படிகங்களையெல்லாம் அலசினார். அதிலிருந்து வந்ததுதான் 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து வெளியிட்ட ராமச்சந்திரன் வரைபடம். ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பினால் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று காட்டுவது அது. இன்றைக்கும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அதை இந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். அந்தக் குறை சொல்லப்படாமல் இருந்திருந்தால் இது இவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

மாணவர்கள் படிக்க வேண்டிய பகுதி இதுதான். இன்னொன்று, கர்த்தாவின் பெயரை விட்டுவிடாதீர்கள். 1954, 1955 ஆண்டுகளின் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளிலும் அவர் பெயர் இருக்கிறது, நாம் எழுதும்போது மட்டும் காணாமல் போய்விடுகிறது.

இப்படிக்கு,
ஓர் உயிர்வேதியியல் ஆசிரியை,
சென்னை