103 இறுதிப் பதில் அல்ல: ஒரு வெப் கிளையன்ட் லைப்ரரியின் பராமரிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்புக் குழுவினருக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரில் ஐந்து பேர் கொண்ட ஒரு சிறிய அலுவலகத்தில் சர்வர்களிடம் கோரிக்கை அனுப்பிப் பதில் பெற்றுத் தரும் உங்கள் லைப்ரரியை நம்பித் தொழில் நடத்துபவர்களில் நானும் ஒருவன். சென்ற மாதம் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லி ஒரு திருத்தம் கேட்கவே இம்மடல்.

எங்கள் நிரல் ஒரு சர்வரின் முகப்புப் பக்கத்தை முதலில் கேட்டுவிட்டு, அதே கனெக்‌ஷனில் கடைகளின் பில்களை ஒவ்வொன்றாகப் பெறும். ஒருநாள் முகப்புப் பக்கம் வெறுமையாக வந்தது. முதல் கடையின் பில்லுக்குப் பதிலாக முகப்புப் பக்கம் வந்தது. இரண்டாம் கடைக்கு முதல் கடையின் பில்லும், மூன்றாம் கடைக்கு இரண்டாவதன் பில்லும் போய்ச் சேர்ந்தன. தவறு எங்களுடையதே என்று எண்ணி இரண்டு இரவுகள் எங்கள் நிரலையே குடைந்தோம். பிறகு பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தபோதுதான், முகப்புப் பக்கத்துக்கான 200-க்கு (கோரிக்கை வெற்றி என்னும் இறுதிப் பதிலின் எண்) முன்னால் '103 ஏர்லி ஹின்ட்ஸ்' (இறுதிப் பதிலுக்கு முன் வரும் முன்குறிப்பு) என்ற வரியும், ஒரு லிங்க் ஹெடரும் (பதிலின் தலைப்பு வரி), ஒரு வெற்று வரியும் இருந்தது தெரிந்தது. உங்கள் லைப்ரரி 103-ஐயே இறுதிப் பதிலாக எடுத்துக்கொள்ள, உண்மையான 200 பஃபரில் (வந்த தரவு காத்திருக்கும் இடம்) தங்கி, அடுத்து வந்த கோரிக்கைக்குப் பதிலாகிவிட்டது. காரணம், இடைக்காலப் பதில்களைத் தாண்டும் உங்கள் லூப் 100 என்ற ஒரே எண்ணை மட்டும் ஒப்பிடுகிறது.

இறுதிப் பதிலுக்கு முன் எத்தனை 1xx பதில்கள் (100 முதல் 199 வரை எண்ணுள்ள இடைக்காலப் பதில்கள்) வந்தாலும், எதிர்பாராமல் வந்தாலும், கிளையன்ட் அவற்றைப் படித்துக் கடக்க வேண்டும் என்பது 1999-இன் இணைய நெறிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 2616-லேயே கட்டாயமாக இருந்தது, 2022-இன் ஆர்.எஃப்.சி. 9110-லும் அப்படியே இருக்கிறது. 103-ஐ வரையறுத்த 2017-இன் ஆர்.எஃப்.சி. 8297, இதைத் தவறாகக் கையாளும் கிளையன்டில் அடுத்தடுத்த பதில்கள் முந்தைய பதிலோடு கலந்து தகவல் கசியலாம் என்று முன்கூட்டியே எச்சரித்தது.

கேட்காமல் 103 அனுப்புவது சர்வரின் குற்றம் என நீங்கள் சொல்லலாம். வெப் நெறிமுறையின் ஹெச்.டி.டி.பி. 1.1 பதிப்பில், சரியாகக் கையாளும் என்று தெரியாத கிளையன்டுக்குச் சர்வர் 103 அனுப்பாமல் தவிர்க்கலாம் என்று அதே ஆவணம் சொல்வதால் அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் அது சர்வரின் விருப்பம், கிளையன்டுக்கோ கட்டாயம்.

ஆகவே 100-ஐ மட்டும் அல்லாமல், 101 நீங்கலாக 1xx வகுப்பு முழுவதையும் அந்த லூப் தாண்ட வேண்டும். நாளை புதிதாக ஓர் எண் வந்தாலும், அறியாத எண்ணை அதன் வகுப்பின் முதல் எண்ணைப் போல நடத்துவதே விதி என்பதால், எண்களைப் பட்டியலிட வேண்டியதில்லை. 101-க்குப் பின் அந்தக் கனெக்‌ஷனில் வேறு நெறிமுறை ஓடுவதால் அதைத் தனியாகவே கையாள வேண்டும். தாண்டப்பட்ட பதில்களின் ஹெடர்களை இறுதிப் பதிலோடு கலக்காமல், வேண்டியவர்கள் பார்க்க ஒரு கால்பேக் (பயனரின் நிரலை லைப்ரரி அழைக்கும் வழி) கொடுத்தால் போதும். முடிவில்லாமல் 1xx அனுப்பும் சர்வரிடம் சிக்காதிருக்க ஓர் உச்சவரம்பும் தேவை.

103-ஐ அடுத்து 200 அனுப்பி, அதே கனெக்‌ஷனில் இரண்டாவது கோரிக்கையையும் சரிபார்க்கும் சோதனை ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். இப்போதைய பதிப்பு அதில் தோற்கிறது. நீங்கள் இசைந்தால் திருத்தத்தையும் சோதனையையும் சேர்த்து இந்த வாரமே அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து உங்கள் பயனர் ஒருவர்