அது கறுப்பும் இல்லை, வெறும் மூடியும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு சிறுவர் பக்கத்தில் வந்த கண் படத்தை என் பேத்தி வெட்டி நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறாள். படம் அழகுதான். ஆனால் ஒளியை வளைத்து விழித்திரையில் சேர்க்கும் வேலை முழுவதையும் லென்ஸுக்குக் கொடுத்துவிட்டு, முன்னால் இருக்கும் கார்னியாவுக்கு ‘கண்ணைப் பாதுகாக்கும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதற்குக் ‘கருவிழி’ என்று வேறு பெயர். பேத்தி கறுப்பு வட்டத்தைத் தொட்டுக் காட்டி, "இதுதானே தாத்தா?" என்கிறாள். ஆஸ்பத்திரியிலும் கார்னியாவைக் கருவிழி என்றுதான் சொல்கிறார்கள், அவளை என்ன சொல்ல? கார்னியா கறுப்பே இல்லை. கைக்கடிகாரத்தின் மேல்கண்ணாடி மாதிரி நிறமில்லாதது. நடுவில் அரை மில்லிமீட்டர் கனம்தான். கறுப்பாகத் தெரிவது அதற்குப் பின்னால் இருக்கும் ஐரிஸ் என்ற நிறத் திரையும், அதன் நடுவில் பாப்பா என்கிற துளையும்.

நான் முப்பது வருடம் வெள்ளையடித்தவன். 1998 பொங்கலுக்கு முன், தொட்டியில் சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறித்து வலது கண்ணில் விழுந்தது. பக்கத்து வீட்டம்மா தாய்ப்பால் வாங்கி வர ஓடினார். இன்னொருவர் விளக்கெண்ணெய் என்றார். தண்ணீர்த் தொட்டி பக்கத்திலேயே இருந்தது; யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். சுண்ணாம்பு, ஆசிடுக்கு எதிர்வகையான காரம். ஆசிட் பட்டால் மேலே வெந்து ஓரளவு அங்கேயே நின்றுவிடுமாம். காரம் சதையைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். டாக்டர் மேல் இமையைத் திருப்பிப் பார்த்தபோது ஒரு சுண்ணாம்புத் துணுக்கு அங்கேயே ஒட்டியிருந்தது.

கார்னியா பால் வெள்ளையாகிவிட்டது. உள்ளே லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது, என்ன பிரயோஜனம்? கண்ணின் ஒளி வளைக்கும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு கார்னியாவுடையது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கிணற்றுக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிகிறதே, அதுவும் இதனால்தான். காற்றிலிருந்து கார்னியாவுக்குள் வரும்போது ஒளி நன்றாக வளையும்; தண்ணீரிலிருந்து வந்தால் அநேகமாக வளையாது.

2001இல் இறந்துபோன ஒருவரின் கார்னியாவை எனக்கு வைத்தார்கள். தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலில் 16 தையல். "கண்ணு வேற கலரா ஆயிடுமா?" என்று என் மனைவி கேட்டது வார்டு முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. கார்னியாவில் ரத்தக் குழாயே கிடையாது, காற்றிலிருந்துதான் பிராணவாயு எடுத்துக்கொள்கிறது. அதனால் பெரும்பாலும் ரத்த வகைப் பொருத்தம்கூடப் பார்ப்பதில்லை. 1905இல் எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர் உலகிலேயே முதன்முதலாக இந்தச் சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தாரே, அவரிடம் வந்த கூலித் தொழிலாளிக்கும் சுண்ணாம்பால்தான் கண் போயிருந்தது. என் சாதிக்காரன்! தொழிலைச் சொல்கிறேன்.

இப்போது யாரும் சுண்ணாம்பு நீற்றுவதில்லை, எல்லாம் டப்பா பெயிண்ட். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட் பெட்டிக்கடை தோறும் தொங்குகிறது. பிள்ளைகள் அதைப் பிதுக்கி விளையாடும்போது வெடித்து நேராகக் கண்ணில் அடிக்கிறது. அடுத்த முறை கண் படம் போட்டால் கீழே இதையும் போடுங்கள்: சுண்ணாம்பு பட்டால் பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். கண்ணைத் திறந்து பிடித்து, உடனே அரை மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அதற்கப்புறம்.

இப்படிக்கு,
வெள்ளையடித்து ஓய்ந்த ஒரு வாசகன்,
மானாமதுரை.