பொம்மைப் படைக்குக் காந்தமே காவல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போர் விளையாட்டு மினியேச்சர் பொம்மைகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வண்ணம் தீட்டுவதைப் பற்றி அழகாக எழுதியவர், பத்திரப்படுத்த ‘ஸ்பாஞ்ச் வைத்த பெட்டி போதும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பல வருஷமாக இந்தப் பொம்மைகளோடு பழகுகிறவள் நான். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

சுமார் 28 மி.மீ. உயரமுள்ள பொம்மையின் கையிலிருக்கும் ஈட்டி குச்சி ஐஸின் குச்சியளவுகூடத் தடிமன் இருக்காது. ஸ்பாஞ்சுக்குள் திணித்து எடுக்கும்போது முதலில் வளைவது அதுதான். அது தப்பினாலும், வண்டி குலுங்கக் குலுங்க மூக்கு நுனி, தோள், வாள் முனை என்று மேடான இடங்களிலெல்லாம் பெயிண்ட் தேய்ந்துவிடும். கண் வலிக்க வலிக்கப் போட்ட வண்ணம் அது!

காந்தம் வைத்தால் பொம்மையின் உடம்பை எதுவுமே உரசாது. பொம்மை நிற்கும் அடிப்பீடத்தின் கீழ்ப்பக்கக் குழிவுக்குள் 5 மி.மீ. அகல நியோடிமியம் காந்தம் (சிறிதானாலும் வலுவாக இழுக்கும் வகை) ஒன்று, பெட்டியின் தரையில் இரும்புத் தகடு, அவ்வளவுதான். ஒட்டும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. குழிவின் உள்கூரையில் ஒட்டினால் காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விழும். பிடிப்பின் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அதனால் எபாக்ஸி புட்டியை (இரண்டு பகுதிகளைப் பிசைந்து சேர்த்தால் இறுகும் பசைக்களிம்பு) உருட்டிக் குழிவில் வைத்து, அதில் காந்தத்தைப் பதித்து, மெழுகுத்தாள் விரித்த தகட்டின் மேல் பொம்மையை அழுத்தி நிறுத்துங்கள். புட்டி இறுகும்போது காந்தம் பீடத்தின் விளிம்போடு மட்டமாக அமைந்துவிடும். தகட்டில் நிற்பதால் வடக்கா தெற்கா என்று துருவம் பார்க்க வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் பொம்மைக்கு ஒரு காந்தம் போதும். ஈயக் கலவையில் வார்த்த குதிரைவீரனுக்கு இரண்டு மூன்று வேண்டும். காந்தம் அலுமினியத்தில் ஒட்டாது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பல வகை ஏமாற்றும். தகடு வாங்கும்போது கையில் ஒரு காந்தம் இருக்கட்டும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது பீடத்தைப் பிடித்துச் சாய்த்து எடுங்கள், ஈட்டியைப் பிடித்து இழுக்காதீர்கள்.

இன்னொன்றையும் தயவுசெய்து அச்சிடுங்கள். குழந்தை இப்படிப்பட்ட காந்தங்களில் இரண்டை விழுங்கிவிட்டால், அவை குடலின் வெவ்வேறு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவில் சிக்கும் சுவரை நசுக்கித் துளையிட்டுவிடும். வலி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஒட்டாமல் மிஞ்சும் காந்தங்கள் மூடிபோட்ட டப்பாவில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி