மோடல் வினைகளுக்கு அட்டவணை போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் ஆங்கில மோடல் வினைகள் (முதன்மை வினையோடு சேர்ந்து திறமை, அனுமதி, ஊகம், கட்டாயம் போன்ற பொருளைத் தரும் துணைவினைகள்) பற்றி வந்த பாடத்தைப் படித்தேன். 'கேன்' என்றால் முடியும், 'மே' என்றால் லாம், 'ஷுட்' என்றால் வேண்டும், 'மஸ்ட்' என்றால் கண்டிப்பாக வேண்டும் என்று ஓர் அட்டவணை, அதற்குக் கீழே கோடிட்ட இடங்களை நிரப்பும் பயிற்சி. கடையில் விற்கும் வழிகாட்டி நூல்கள் பலவும் இதே முறையில்தான் இருக்கின்றன. மனப்பாடம் செய்ய இது வசதி. ஆனால் மாணவர்கள் செய்யும் பிழைகளில் பாதி இந்த அட்டவணையிலிருந்துதான் பிறக்கிறது.

வடிவ விதிகளில் பெரிய சிக்கல் இல்லை. கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகிய 9 சொற்களுக்கும் 'ஹீ', 'ஷீ' வந்தாலும் எஸ் சேராது. பின்னால் வருவது வினையின் மூல வடிவம். நடுவில் 'டு' கிடையாது ('ஆட் டு' தனி ரகம்). கேள்விக்கு 'டூ', 'டஸ்' தேவையில்லை. இரண்டு மோடல்கள் அடுத்தடுத்து நிற்காது. ஆகவே 'வில் கேன்' என்று எழுத முடியாது, 'வில் பி ஏபிள் டு' என்றே எழுத வேண்டும். 'மஸ்ட்'டுக்கு இறந்தகாலம் இல்லாததால் நேற்றைய கட்டாயத்தை 'ஹேட் டு' என்று சொல்கிறோம். நம் ஊரில் எங்கும் காதில் விழும் 'ஐ கேன் ஏபிள் டு' தவறு. 'ஏபிள்' பெயரடை என்பதால் அதற்கு முன் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' வர வேண்டும். ஒரே முடியும் என்பதை இரண்டு முறை சொல்வானேன்?

பொருளுக்கு வரும்போதுதான் சிக்கல். 'நீ போகலாம்' அனுமதி. 'மழை வரலாம்' ஊகம். 'சரி, கிளம்பலாமா?' என்பது யோசனை. அதற்கு 'ஷல் வி' வேண்டும், 'மே வி' அல்ல. 'ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்' என்பதற்கோ இரண்டு பொருள். சொன்னாரோ என்னவோ என்ற ஐயமானால் 'ஹீ மே ஹேவ் டோல்ட்'. ஏன் சொல்லவில்லை என்ற குறையானால் 'யூ குட் ஹேவ் டோல்ட் மீ'. அட்டவணையில் இவ்வளவுக்கும் ஒரே கட்டம்.

அடுத்தது '-ப்பார்', '-வார்' என்று முடியும் எதிர்கால வடிவம். 'இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்' என்பதை மாணவர்கள் 'ஹீ வுட் ஹேவ் ரீச்ட்' என்று எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு, சேர்ந்திருப்பார், ஆனால் ஏதோ தடுத்துவிட்டது என்று படும். இங்கே 'மஸ்ட் ஹேவ்' அல்லது 'வில் ஹேவ்' வேண்டும். 'அப்பா தினமும் ஐந்து மணிக்கு எழுவார்' என்பதில் தமிழ் எதிர்கால வடிவம் பழக்கத்தைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குச் சாதாரண நிகழ்காலமே இயல்பு, 'வில்' தேவையில்லை. முன்பு அப்படிச் செய்வார், இப்போது இல்லை என்றால் 'யூஸ்டு டு'.

எதிர்மறையில் பிழை நேர்ந்தால் விளைவு இன்னும் மோசம். 'கட்டணம் செலுத்த வேண்டாம்' என்ற அறிவிப்பை 'யூ மஸ்ட் நாட் பே' என்று பெயர்த்தால், செலுத்தவே கூடாது என்று தடை போட்டதாகிவிடும். செலுத்தத் தேவையில்லை என்பதற்கு 'யூ நீட் நாட் பே' அல்லது 'யூ டோன்ட் ஹேவ் டு பே'. வேண்டாம் என்று வரும் இடத்தில் கூடாதா, தேவையில்லையா என்று முதலில் தமிழிலேயே பிரித்துக்கொள்ளும் மாணவருக்கு இந்தப் பிழை வராது. தமிழ் கைகொடுக்கும் இடமும் உண்டு. அது அவராகத்தான் இருக்க வேண்டும் என்பது 'மஸ்ட் பி', அவராக இருக்க முடியாது என்பது 'கான்ட் பி'. இங்கே 'மஸ்ட் நாட் பி' எழுதத் தூண்டுவது அட்டவணைதான்.

'ஓடிப்போய் ரயிலைப் பிடிக்க முடிந்தது' என்பதற்கு 'ஐ குட் கேட்ச்' பொருந்தாது. ஒரு தடவை நடந்து முடிந்த செயலுக்கு 'வாஸ் ஏபிள் டு' அல்லது 'மேனேஜ்ட் டு' வேண்டும். சிறு வயதில் நீந்த முடிந்தது என்ற பொதுத் திறமைக்கு 'குட்' சரி. எதிர்மறையில் இந்த வேறுபாடு இல்லை. 'குட் நாட்' இரண்டுக்கும் செல்லும்.

அலுவலகக் கடிதங்களில் 'த மீட்டிங் வுட் பி ஹெல்ட் ஆன் மண்டே' என்று எழுதுவது மரியாதை என்று நினைக்கிறார்கள். கூட்டம் உறுதியென்றால் 'வில்'தான். 'வுட்'டின் பணிவு 'வுட் யூ', 'ஐ வுட் லைக்' போன்ற கேள்விக்கும் விருப்பத்துக்கும் உரியது.

'ஐ', 'வி' வந்தால் 'ஷல்' என்ற விதியை 1653இல் வெளியான தம் ஆங்கில இலக்கண நூலில் இங்கிலாந்தின் கணித அறிஞர் ஜான் வாலிஸ் எழுதினார். இன்றைய பேச்சில் அதைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. சட்டத்தில் மட்டும் 'ஷல்' பலமாக நிற்கிறது. அரசியலமைப்பின் 14ஆவது பிரிவு, அரசு எவருக்கும் சமத்துவத்தை மறுக்கலாகாது என்பதை 'ஷல் நாட்' என்றே சொல்கிறது.

இனி பயிற்சி. 'ஹீ ___ பி அட் ஹோம்' என்று கொடுத்தால் மே, மைட், குட், மஸ்ட், ஷுட், வில் எல்லாமே பொருந்தும். விடைப் பகுதியில் ஒன்றை மட்டும் அச்சிட்டால் மற்றதை எழுதிய பிள்ளை காரணம் தெரியாமல் குழம்பும். வாக்கியத்துக்கு முன்னால் ஒரு சான்று வரியைச் சேருங்கள். வீட்டில் விளக்கு எரிகிறது, செருப்பு வாசலில் கிடக்கிறது என்றால் 'மஸ்ட்'. வேலை வழக்கமாக ஆறு மணிக்கு முடியும், இப்போது ஏழு என்றால் 'ஷுட்'. ஒன்றும் தெரியாது என்றால் 'மே' அல்லது 'மைட்'. இப்போதுதான் பேருந்து நிலையத்தில் பார்த்தேன் என்றால் 'கான்ட்'. ஒரே வாக்கியத்தில் உறுதியின் நான்கு படிகள் வந்துவிடுகின்றன. இது பழகியதும் திருப்பிச் செய்ய வேண்டும்: மோடலை நாம் கொடுக்க, சான்று வரியை மாணவர் எழுதுவது. என் கணிப்பில் இந்த இரண்டாவது பயிற்சியில்தான் புரிந்தவரும் மனப்பாடம் செய்தவரும் பிரிகிறார்கள். மூன்றாவதாக, அதே வாக்கியங்களை 'ஹேவ்' சேர்த்து நேற்றைக்கு மாற்றச் சொல்லலாம்: 'மஸ்ட் ஹேவ் பீன்', 'கான்ட் ஹேவ் பீன்'. ஒரு வகுப்புக்கு ஐந்து வாக்கியங்கள் போதும்.

கேட்டுப் பதில் சொல்லும் பயிற்சியில் 'வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?' அவசியம் இடம்பெறட்டும். உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்பதே கேள்வி என்பதால், 'எஸ்' என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனால் கேட்டவர் விழிப்பார். 'நாட் அட் ஆல்' என்பதே இசைவு.

அடுத்த பாடத்தில் கோடிட்ட இடங்களைச் சான்று வரிகளோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட விடை பொருந்தினால் அவை அனைத்தையும், பொருந்தாததற்கு ஒரு வரிக் காரணத்தையும் விடைப் பகுதியில் தாருங்கள். இடம் போதவில்லையென்றால் அட்டவணையை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.